அப்பாவின் ஸ்கூட்டரில் நான்கு இன்டர்வியூ

முதல் இன்டர்வியூவுக்கு நான் போனபோது அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்தான் இருந்தது. மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் புள்ளியியல் பி.எஸ்ஸி. முடித்து, ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்திருந்தேன். அப்பா ரயில்வே பணிமனையின் ஸ்டோர்சில் கிளார்க். அக்ரஹாரத்தில் வாடகை வீடு. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த சித்தி ஒருநாள், "நீங்க பேசறதுல பாதி எனக்குப் புரியலை" என்று சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு கன்னடம் கலந்திருக்கிறது என்று உறைத்தது.

அந்தக் காலத்தில் 'டேட்டா' என்ற சொல் விளம்பரங்களில் புதிதாகத் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. டேட்டா என்ட்ரி, டேட்டா பிராசசிங், டேட்டாபேஸ் அசிஸ்டென்ட். கன்னடப் பத்திரிகையில் அந்த மூன்று வரி விளம்பரங்களை அம்மா சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பாள். நான் தபாலில் விண்ணப்பம் அனுப்புவேன். அழைப்பு வந்தால் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரைத் துடைப்பார். "நான் பஸ்ல போய்க்கறேம்ப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "இன்டர்வியூவுக்குக் கசங்காம போகணும்" என்றார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாலும் காட்டன் புடவை கசங்கத்தான் செய்யும் என்பதை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் அழைப்பு தேவராஜ மொஹல்லாவில் ஓர் ஊதுபத்தி வியாபாரியிடமிருந்து. மார்க்கெட்டுக்குப் பின்னால் குறுகலான மாடிப்படி. அதில் படிக்கு ஒருவராகப் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். கீழிருந்து மல்லிகை வாசனையும் மேலிருந்து சந்தன வாசனையும் வந்து எங்கள் நடுவில் கலந்தன. எனக்குக் கீழ்ப்படியில் இருந்தவர் தன் காலைவிட ரொம்பவே பெரிய கருப்பு ஷூ போட்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "ஏனுங்க, கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போறப்போ இதைக் கழட்டச் சொல்லுவாங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். என் கையிலிருந்த ஃபைலில் தமிழில் எழுதியிருந்த என் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"கழட்டணும். ஏ.சி. ரூம்னா கண்டிப்பா கழட்டணும்."

"அப்பாடா" என்றார். "இது எங்க மாமனுதுங்க. நடந்தா சத்தம் போடுது."

அவர் சாமராஜநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கணிதத்தில் பட்டம். வீட்டார், ஒரு காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர் பேச்சில் கொங்குத் தமிழின் இழுப்பு இருந்தது. அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமராஜநகர்க்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உள்ளே கம்ப்யூட்டர் ரூமும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. முதலாளி ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். பெரியவர், நல்ல மனிதர். படியில் உட்கார்ந்தபடியே நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த தேர்வுத் தாள்களை விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தார். முதல் கேள்வி, டேட்டாவுக்கும் இன்பர்மேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்பது. நாங்கள் பதினான்கு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்திருந்ததால் பதினான்கு தாளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியம்.

"எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"இல்லை சார். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"சரி, அது போகட்டும். கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். என் தம்பி வாங்கச் சொன்னான். அதுகிட்ட நான் என்ன கேக்கணும்? நீயே சொல்லும்மா."

வேலைக்கு ஆள் எடுக்கிறவர், வேலை என்ன என்று என்னிடமே கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. "உங்களுக்கு என்ன தெரியணும் சார்?" என்றேன். அவர் நிஜமாகவே யோசித்தார். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "எல்லாம்" என்றார்.

பிறகு டைப்பிங் வேகம் கேட்டார். நிமிடத்துக்குப் பதினைந்து வார்த்தை என்றேன். தன் மைத்துனி நாற்பது அடிப்பதாக வருத்தத்தோடு சொன்னார். வேலை மைத்துனிக்குத்தான் போயிற்று.

கீழே வந்தபோது அப்பா பூக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். "பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம்" என்றார் என்னிடம். "மாடியில அதுக்குத் தோதா பிளக் பாயிண்ட் கிடையாதாம். எலெக்ட்ரீஷியன் வரணுமாம். வா, ஸ்வல்ப காபி குடிக்கலாம்." பின்னால் டக் டக்கென்று வந்த சாமராஜநகர்க்காரரையும் காபிக்கு அழைத்துக்கொண்டார். அப்பாவுக்கு யாரையும் விட்டுவிட்டுக் காபி குடிக்கத் தெரியாது.

இரண்டாவது இன்டர்வியூ மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். அங்கே நிஜமான கம்ப்யூட்டர் பிரிவு இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர், வெளியே வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகள். அந்த வரிசையின் ஓரத்தில் இரண்டு பெரிய கருப்பு ஷூக்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் பாதி குறைந்தது.

நேர்காணல் எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி. கட்டை முடி, கைத்தறிப் புடவை, வேகமான பேச்சு. கேள்விகளுக்கெல்லாம் நான் டாண் டாண் என்று பதில் சொன்னேன். பிரைமரி கீ என்றால் என்ன, இரண்டு டேபிளை எப்படிச் சேர்ப்பது, இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் முகம் மலர்ந்தது.

"இந்தப் புது டேட்டாபேஸ்ல வேலை செஞ்சிருக்கியா?"

"செஞ்சிருக்கேன் மேடம்."

அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் பயிற்சி நிலையத்தில் அந்த டேட்டாபேசை இரண்டு மாதம் நடத்தினார்கள், கரும்பலகையில். அதைத் தாங்கும் கம்ப்யூட்டர் அங்கே கிடையாது. கேள்விகளை நோட்டில் எழுதுவோம், வர வேண்டிய விடையையும் நாங்களே நோட்டில் எழுதுவோம். ஆசிரியர் சரி என்று டிக் போடுவார். கையால் தொட்டதெல்லாம் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மட்டும்தான்.

"வா, பார்க்கலாம்" என்று என்னை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார். ஊழியர் பட்டியலிலிருந்து முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கச் சொன்னார். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, தப்பில்லாமல் அடித்தேன். என்டர் தட்டினேன்.

பட்டியல் வரவில்லை. அடுத்த வரியில் 2 என்று ஓர் எண் வந்தது.

இரண்டே பேர்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் யார் அந்த இரண்டு பேர்? மறுபடி என்டர் தட்டினேன். 3 வந்தது. தட்டினேன். 4. நான் தட்டத் தட்ட அது பொறுமையாக எண்ணிக்கொண்டே போயிற்று. மேடம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 17 வந்தபோது, "ஸாக்கு, ஸாக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போதும் என்பதை அவ்வளவு சிரிப்போடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குனிந்து ஒரே ஓர் அரைப்புள்ளியை அடித்து என்டர் தட்டினார். திரை முழுக்கப் பெயர்கள் ஓடின.

"கேள்வி முடிஞ்சுதுன்னு அதுக்குச் சொல்லணும். இல்லேன்னா இன்னும் ஏதோ சொல்லப்போறேன்னு காத்துக்கிட்டே இருக்கும்."

கரும்பலகையில் ஆசிரியர் ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் அந்தப் புள்ளியைப் போடுவார். அது அவருடைய கைப்பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

"மெஷின்ல இன்னிக்குத்தான் முதல் தடவை, இல்லையா?" என்றார். தலையாட்டினேன். "பொய் சொல்லாதே. தெரியலைன்னு சொன்னா நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். அன்பாகச் சொன்னதால் வெளியே வந்து கேட்டுக்கு அருகில் நின்று அழுதேன்.

சாமராஜநகர்க்காரர் எனக்கு முன்பே முடித்துவிட்டு அப்பாவோடு நிழலில் நின்றிருந்தார். நடந்ததை விசும்பிக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தில் அனுதாபமே இல்லை. மாறாக ஒரு நிம்மதி தெரிந்தது.

"உங்களுதாவது பதினேழு வரைக்கும் போச்சுங்க. எனக்கு அந்த மவுசுன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. நான் படிச்ச எடத்துல அது கெடையாது. அம்புக்குறி தெரை ஓரத்துக்குப் போகணும்னு நான் தள்ளறேன், தள்ளறேன், மேசை முடிஞ்சு போச்சு. கீழ உளுந்து தொங்குது. நானும் தொங்கற மவுசை ஆட்டி ஆட்டிப் பாக்கறேன். அந்தம்மா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. சிரிக்கறதுக்குத்தான் போனாங்கன்னு நெனைக்கறேன்."

அப்பா ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அன்றைக்கு அந்தத் தொழிற்சாலை கேட்டில் வேலை கிடைக்காத இரண்டு பேரும் அவர்களில் ஒருத்தியின் அப்பாவும் சிரித்த சிரிப்பைப் பார்த்து வாட்ச்மேன் எங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் அப்பா, "உங்க ரெண்டு பேருக்கும் படிப்பு இருக்கு, கை பழகலை. அவ்வளவுதானே?" என்றார். அடுத்த நாளே நான் படித்த பயிற்சி நிலையத்துக்குப் போய் அதை நடத்துகிறவரிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. மாணவர் பட்டியலையெல்லாம் நாங்கள் ஃபாக்ஸ்புரோவில் ஏற்றித் தருவதாகவும், பதிலுக்கு எங்களைப் பழக விடுவதாகவும் ஏற்பாடாயிற்று. சாமராஜநகர்க்காரர் ஞாயிறுதோறும் முதல் பஸ் பிடித்து வந்தார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அவர் மவுஸ் பழகுவதற்காகச் சீட்டாட்டம் ஆட ஆரம்பித்து, இரண்டு ஞாயிறுகள் வேறு எதுவுமே செய்யவில்லை. "ஏனுங்க, இதுல ஒரு தடவை ஜெயிச்சுட்டா எந்திரிச்சுருவேன்" என்பார். ஜெயித்தும் எழுந்திருக்கவில்லை. ஆனால் கேள்வி அமைப்பதில் அவருக்கு நல்ல மூளை. நான் நாலு வரியில் எழுதியதை ஒரு வரியில் எழுதிக் காட்டுவார். என் பலம் வேறு. பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தப்பு கண்ணில் படும். மாணவர் பட்டியலில் ஒருவர் பிறப்பதற்கு முன்பே பத்தாவது பாஸ் செய்திருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா அவரிடம் சாமராஜநகர் மஞ்சள் விலையையும் மழையையும் விசாரிப்பாள். இரண்டாவது மாதத்திலேயே அவர் ஷூவை விட்டுச் செருப்புக்கு மாறிவிட்டார்.

மூன்றாவது அழைப்பு எங்கள் இரண்டு பேருக்குமே வந்தது. ஒரு தனியார் கண் மருத்துவமனை. கிராமங்களில் கண் முகாம் நடத்துகிறவர்கள். முகாமுக்கு வந்தவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள், அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் இடம். "யாருக்குக் கெடைச்சாலும் மத்தவங்க பூரி வாங்கித் தரணுமுங்க" என்றார் அவர். "கெடைச்சவங்கதான் வாங்கித் தரணும்" என்றேன். அது முடிவாகாமலே நாங்கள் உள்ளே போனோம்.

தேர்வு கம்ப்யூட்டரிலேயே. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பட்டியல் இருந்தது. முகாமுக்கு வந்தவரின் வயது, ஊர், முகாம் நடந்த தேதி, பார்த்த டாக்டரின் எண். ஒரே கேள்விதான். எத்தனை ஊர்களில் முகாம் நடத்தியிருக்கிறோம்? ஒரு மணி நேரம்.

ஒரே வரியில் கேட்டால் உடனே விடை வந்துவிடும். எனக்கும் வந்தது, நூற்று நாற்பத்து மூன்று என்று. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். இவ்வளவு சுலபமான கேள்விக்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று எனக்கு உறுத்தியது. ஊர்ப் பட்டியலை அகர வரிசையில் போட்டுப் படித்தேன். சாமராஜநகரே ஆறு விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒட்டி, பிரித்து, கடைசியில் ஓர் எழுத்துச் சேர்த்து, வெறும் முதலெழுத்துகளாக. ஹள்ளி என்று முடிகிற ஊர்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு வால்கள். முகாமில் யார் கையில் பேனா இருந்ததோ அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திருத்தினேன். நேரம் முடியும்போது எண்பத்தெட்டு வந்தது. எனக்கு நான் பெரிய ஆளாகத் தெரிந்தேன்.

வராந்தாவில் காத்திருந்தபோது சாமராஜநகர்க்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "எண்பத்தெட்டு."

"எனக்குத் தொண்ணூத்தொண்ணுங்க."

"மூணு ஊரைச் சேர்க்காம விட்டிருப்பீங்க."

"ஹொசஹள்ளியை எத்தனையா வெச்சீங்க?"

"ஒண்ணா."

அவர் தலையை ஆட்டினார். "ஹொசஹள்ளின்னா புது ஊருதானுங்களே, தாலுகாவுக்கு ஒண்ணு இருக்கும். அந்தப் பட்டியல்ல நாலு ஹொசஹள்ளி இருக்குதுங்க. தேதியைப் பாருங்க. ஒரே தேதியில ஹொசஹள்ளிக்கு நாலு டாக்டர் நம்பர் இருக்குது. மத்த ஊர்லெல்லாம் முகாமுக்கு ஒரு டாக்டர்தானுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. தப்பைக் கண்டுபிடிப்பது என் வேலை என்று நினைத்திருந்தேன். நானே ஒரு தப்பைச் செய்து அதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே பெரிய டாக்டரும் ஓர் இளம் புரோகிராமரும். டாக்டர் என் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"மத்தவங்க முக்காவாசிப் பேர் நூத்து நாப்பத்து மூணு எழுதியிருக்காங்க. நீ எண்பத்தெட்டு. எப்படி?"

எழுத்து வித்தியாசங்களைச் சொன்னேன். புரோகிராமர் முன்னால் சாய்ந்து கேட்டார். டாக்டர், "பேஷ்! அப்ப எண்பத்தெட்டு சரியான விடையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்ணூற்றொன்று என்று சொல்லிக் காரணத்தையும் விளக்கி, எல்லாம் எனக்கே தோன்றிய மாதிரி நடித்திருக்கலாம். இரண்டையும் நான் நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. தொழிற்சாலை மேடம் சொன்னது காதில் இன்னும் இருந்தது.

"இல்லை சார், தப்பு. தொண்ணூத்தொண்ணு. ஹொசஹள்ளி நாலு இருக்கு, நான் ஒண்ணாக்கிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான் சார். வெளியில உக்காந்திருக்கறவர் சொன்னார். சாமராஜநகர்லேருந்து வந்திருக்கார்."

டாக்டர் புரோகிராமரைப் பார்த்தார். புரோகிராமர் தாள்களைப் புரட்டித் தொண்ணூற்றொன்றைக் கண்டுபிடித்தார். "நன்றிம்மா" என்றார் டாக்டர். அந்த நன்றியிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

ஸ்கூட்டரில் ஏறும்போது விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். வண்டியை உதைக்கப்போன கால் நின்றது. "நீயே போய்ச் சொன்னியா? சும்னே இருந்திருக்கலாமே!" என்றார். மறுபடி உதைத்துக் கிளப்பினார். ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போயிற்று. அது போய் முடிந்ததும், திரும்பாமலே, "சரி, நல்லதுதான் செஞ்சே. ஆனா அம்மாகிட்ட இப்பச் சொல்லாதே, சாப்பிட்ட அப்புறம் சொல்லு" என்றார்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. அவர் மேல் கோபம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு பெரிய பை. உள்ளே வரத் தயங்கினார்.

"நீங்க சொல்லலீன்னா என்னைக் கூப்பிட்டுக் கேட்டே இருக்க மாட்டாங்களாமுங்க. எண்பத்தெட்டுதான் சரின்னு நெனைச்சு, என் தாளைத் தப்புன்னு ஓரத்துல வெச்சிருந்தாங்களாம். டாக்டர் சொன்னார்."

பையில் பூரி இருந்தது. நாற்பது பூரியாவது இருக்கும். ஆறிப்போய் அப்பளம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. கிழங்கு தனிப் பொட்டலத்தில். அம்மா, "இதை யாருப்பா திங்கறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நாங்கள் நாலு பேரும் தின்றோம். என் கோபம் எந்தப் பூரியில் போயிற்று என்று தெரியாது.

நாலாவது இன்டர்வியூவுக்கு வழி சொன்னதும் அவர்தான். குழந்தைகளின் உடல்நலத்தைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு சின்ன அமைப்பிலிருந்து மருத்துவமனைக்கு ஒருவர் வந்திருக்கிறார். பேச்சுவாக்கில், தங்களிடம் படிவங்கள் மலையாகக் கிடப்பதாகவும், புள்ளியியல் படித்த ஆள் கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே சாமராஜநகர்க்காரர் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்லி முகவரியைக் கொடுத்தார்.

சரஸ்வதிபுரத்தில், மாமரம் வைத்த ஒரு பழைய வீடு. நடத்துகிறவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் நூல் கட்டிய ஐந்து கட்டுப் படிவங்களை வைத்திருந்தார். ஐந்து பள்ளிக்கூடங்களில் குழந்தைகளின் உயரமும் எடையும் எடுத்த படிவங்கள்.

"கம்ப்யூட்டர் பக்கத்து ரூம்ல இருக்கு. அது இப்ப வேண்டாம். இதைப் படிச்சுப் பாரு. ஒரு மணி நேரம் கழிச்சு வரேன். என்ன தோணுதுன்னு சொல்லு" என்று போய்விட்டார்.

நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நான்கு கட்டுகள் அழுக்காக இருந்தன. டீக் கறை, அடித்தல், திருத்தல். 'குழந்தை அழுததால் அளக்கவில்லை' என்று ஒன்றில். 'வரவில்லை, அம்மை' என்று இன்னொன்றில். ஐந்தாவது கட்டு பளிச்சென்றிருந்தது. ஓர் அடித்தல் இல்லை. ஒரு குழந்தையும் லீவு போடவில்லை. முதலில் எனக்கு அதைப் பிடித்துத்தான் போயிற்று. பிறகு ஒரு பேப்பரில் எண்களை எழுதிப் பார்த்தேன். உயரங்களின் கடைசி இலக்கம் பாதிக்கு மேல் பூஜ்யம், மீதி ஐந்து. வயது ஒன்று கூடினால் உயரமும் ஐந்து சென்டிமீட்டர் கூடியது, ஒரு குழந்தைக்கும் தவறாமல். எட்டு வயதுக்காரர்கள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

அம்மாள் வந்ததும், "இந்தக் கட்டு ரொம்ப சுத்தமா இருக்கு மேடம்" என்றேன்.

"சுத்தமா இருந்தா நல்லதுதானே?"

"பிள்ளைங்க இப்படி வளர மாட்டாங்க மேடம். எழுதினவர் ஸ்கூலுக்குப் போனாரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு." சொன்ன பிறகு பயமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர்மேல் இப்படி ஒரு பழியைப் போட்டுவிட்டோமே என்று. "நான் தப்பாவும் சொல்லலாம். திரும்பப் போய் அளந்தாத்தான் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். "போகலை. ஒரு ஹோட்டல்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதியிருக்கான். நானே கேட்டேன், ஒத்துக்கிட்டான். வேலையை விட்டு அனுப்பிட்டேன். இந்த அஞ்சு கட்டையும் இதுவரைக்கும் ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். ஆறு பேர் இந்தக் கட்டைத்தான் எடுத்துக் காட்டி, மத்ததெல்லாம் இது மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க." பிறகு சர்வசாதாரணமாக, "திங்கக்கிழமை வரியா, இல்லை, இன்னிக்கே உக்காரறியா?" என்று கேட்டார்.

இன்றைக்கே என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தும் விட்டேன். வெளியே அப்பா ஸ்கூட்டரோடு நிற்பது நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம். "முழு நாள் லீவு போடாதது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பணிமனைக்குப் போனார்.

அந்த ஐந்தாவது பள்ளிக்கூடத்தை மறுபடி அளக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மேடம் என்னையே அனுப்பினார். டேட்டா வேலை என்றால் கண்ணாடி ரூமில் உட்காருவது என்று நினைத்திருந்தவள், தோளில் எடை மெஷினும் கையில் அளவு நாடாவுமாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். சுவரில் அளவு நாடாவை ஒட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தேன். ஒருவரும் ஒழுங்காக நிற்கவில்லை. பையன்கள் நுனிக்காலில் எம்பினார்கள். பெண்கள் ஜடையைத் தலைமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்து மூன்றரை, நூற்று ஒன்பது என்று எண்கள் தாறுமாறாக வந்தன. ஒரு படிவத்தில் என் கை வியர்வை பட்டு மை பரவியது. இன்னொன்றில் ஒரு குழந்தையின் கடலை மிட்டாய் ஒட்டிக்கொண்டது.

மதியம் மெஷினை எடுத்துக் கட்டும்போது ஏழு வயதுப் பெண் ஒருத்தி மறுபடி வந்து நின்றாள். காலையில் முதலாவதாக அளந்தவள்.

"உன்னை அளந்தாச்சே?" என்றேன் கன்னடத்தில்.

"அது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றாள்.

கட்டியதைப் பிரித்து, நாடாவைக் கையால் சுவரில் பிடித்து அவளை மறுபடி நிற்க வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு. காலையில் எழுதியதும் அதேதான். படிவத்தைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. நாடாவைச் சரியாகப் பிடிக்கச் சொன்னாள்.